கறுப்புப் பட்டித் தலைமைத்துவப் பயிற்சி தொடர்பான முறைப்பாடு

களுவாஞ்சிகுடி,
மட்டக்களப்பு மாவட்டம்.

முகாமைத்துவப் பணிப்பாளர் அவர்கட்கு,

விடயம்: தற்காப்புக் கலை வழி ஆளுமை வளர்ச்சிக்கும் தொழில்சார் வழிகாட்டலுக்குமான பயிற்சி – கட்டணத்தை மீளளிக்கவும் காயத்துக்கு இழப்பீடு வழங்கவும் கோருதல்

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனம் மட்டக்களப்பு நகரில் வார இறுதி நாட்களில் நடத்திய மேற்படி பயிற்சிக்கு நான் ரூபாய் 42,000 செலுத்தினேன். என்னோடு வேலை செய்யும் இரண்டு இளம் பெண்களும் அதே தொகையைத் தவணை முறையில் கட்டிச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருடைய வலது மணிக்கட்டு உங்கள் வகுப்பில் காயப்பட்டது. விளம்பரத்தில் உறுதியளித்தவற்றில் பெரும்பகுதி நடக்கவில்லை. தொலைபேசியில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் “மேலிடத்துக்கு அறிவிக்கிறோம்” என்பதற்கு மேல் ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வரிசை மேற்பார்வையாளராக இருக்கிறேன். பாடசாலைக் காலத்தில் ஜூடோ பழகியவள். எங்கள் வரிசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். தைத்த கழுத்துப்பட்டி கோணிவிட்டால் வரிசை முழுவதும் கேட்கும்படி ஏச்சு விழும். துண்டுகள் திரும்பி வரும். பலகையில் எழுதிய இலக்கு எட்டப்படாது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை சில நாட்களில் வேலையையே விட்டுவிடுகிறாள். அவளுக்குத் தையல் வராமல் இல்லை. தவறியபின் எழுந்து நிற்க ஒருவரும் அவளுக்குப் பழக்கவில்லை. ஜூடோவில் முதல் பாடமே அதுதான். யாரையும் வீழ்த்தக் கற்பதற்கு முன் விழக் கற்றுக்கொள்கிறோம். நாடியை நெஞ்சோடு சேர்த்து, கண்ணைப் பட்டியின் முடிச்சில் வைத்து, கையால் விரிப்பை அறைந்து விழும் அந்தப் பயிற்சிக்கு ‘உக்கெமி’ என்று பெயர். கறுப்புப் பட்டி எடுத்தவர்களும் வகுப்பின் தொடக்கத்தில் அதைச் செய்கிறார்கள். இதை வேலைத்தளத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் உங்கள் பயிற்சியில் சேர்ந்தேன். அந்த ஆசை இன்னும் குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில், ‘டான்’ தரம் (கறுப்புப் பட்டி நிலை) பெற்ற தற்காப்புக் கலை ஆசிரியரும் அனுபவமுள்ள தொழில்சார் வழிகாட்டியும் இணைந்து நடத்துவார்கள் என்று இருந்தது. வந்தவர் ஒரே ஒரு வளவாளர். எந்தக் கலையை யாரிடம் பழகினார் என்று நான் மரியாதையாகக் கேட்டேன். “எந்தப் பாணி என்பது முக்கியமில்லை, மனநிலைதான் முக்கியம்” என்றார். தற்காப்புக் கலை பழகிய எவரும் இந்தக் கேள்விக்குத் தம் ஆசிரியரின் பெயரைச் சொல்லித்தான் பதில் தொடங்குவார். விரிப்பு இல்லை, சீருடை இல்லை, பழகுவதற்கு ஓர் அசைவுகூட இல்லை. திரையில் படங்கள் ஓடின. அவற்றில் இருந்த வசனங்களை அவர் உரக்க வாசித்தார்.

வாசித்தவற்றிலும் பிழைகள் இருந்தன. பழங்காலத்தில் வெள்ளைப் பட்டியைத் துவைக்காமலே ஆண்டுக்கணக்காகக் கட்டியதால் அது அழுக்கேறிக் கறுத்ததாம், கறுப்புப் பட்டி அப்படித்தான் பிறந்ததாம். இது கட்டுக்கதை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ டோக்கியோவில் 1882இல் ஒரு கோவிலின் பன்னிரண்டு விரிப்பு அளவுள்ள அறையில் கொடோகன் பள்ளியைத் தொடங்கினார். தேர்ந்த மாணவர்களை வேறுபடுத்திக் காட்டுவதற்காக அந்த 1880களிலேயே டான் தரத்தையும், தொடர்ந்து கறுப்புப் பட்டியையும் ஏற்படுத்தியவர் அவர்தான். இடையில் வரும் வண்ணப் பட்டிகள் பிற்காலத்தில் ஐரோப்பாவில் பரவியவை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டிப் படிக்க வந்தவர்களுக்கு அதை வரலாறு என்று சொல்லலாமா?

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அதை உங்கள் பாடத்திட்டக் குழு கவனமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கானோ தொழிலால் கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர் கல்லூரிக்கு நீண்டகாலம் தலைவராக இருந்தவர். ஜூடோவுக்கு அவர் வகுத்த அடிப்படைகள் இரண்டு. உடல், மன ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது ஒன்று. தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது மற்றது. உங்கள் வளவாளர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் ‘எதிராளியின் பலத்தை அவருக்கு எதிராகத் திருப்புங்கள்’ என்று சுருக்கினார். இரண்டாவது அடிப்படை அந்தப் படங்கள் எதிலும் இல்லை. பிறகு அலுவலகம் போர்க்களம் என்றார். பதவி உயர்வுக்குப் போட்டியிடும் சக ஊழியரின் சமநிலையை எப்படிக் குலைப்பது என்று குழுக்களாகப் பிரித்து நடிக்க வைத்தார். ஒரு பாடசாலை ஆசிரியையும் ஒரு வங்கி உத்தியோகத்தரும் அன்று ஒருவரையொருவர் மடக்கிப் பேசப் பழகினார்கள். எனக்கு அந்த இடத்தில் இருக்கவே மனம் வரவில்லை.

சமநிலையைக் குலைப்பது ஜூடோவில் உண்டு, உண்மைதான். ஆனால் அது எப்படி நடக்கிறது? எதிரே நிற்பவர் உடன்பட்டு நிற்கிறார். எறிபவர் தன் துணையின் சட்டைக் கையை இறுகப் பற்றியிருக்கிறார். துணை விழும்போது அந்தக் கையை விடுவதில்லை; மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறார். அந்தப் பிடியால்தான் விழுபவரின் தலை தரையில் மோதாமல் தப்புகிறது, அவர் பக்கவாட்டில் பத்திரமாக விழ முடிகிறது. பாதியில் கையை விட்டவனை எங்கள் ஆசிரியர் அன்று முழுவதும் யாரையும் எறிய விடமாட்டார். மேற்பார்வையாளருக்கான முழுப் பாடமும் இதில் இருக்கிறது. கோணிய தையலைக் கோணல் என்று சொல்லத்தான் வேண்டும்; சொல்லாமல் விட்டால் வேலை நடக்காது. சொல்லும்போதே அருகில் உட்கார்ந்து, நூலைப் பிரித்து, அடுத்த துண்டை அவளோடு சேர்ந்து தைக்க வேண்டும். குறையைச் சொல்லிவிட்டு அப்பால் நடந்துவிடுவது கையை விட்டுவிடும் எறிதல். இதை உங்கள் வகுப்பில் பேச நான் இரண்டு நிமிடம் கேட்டேன். நேரம் இல்லை என்று மறுக்கப்பட்டது.

இனிக் காயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தின் முதன்மையான காரணம் அதுதான்.

‘அச்சத்தை உடைத்தல்’ என்ற பெயரில் ஒவ்வொருவரும் கையால் பலகை உடைக்க வேண்டும் என்றார் வளவாளர். முன்பயிற்சி எதுவும் தரவில்லை. எப்படி முட்டி பிடிப்பது, மணிக்கட்டை எப்படி நேராக வைப்பது என்று யாருக்கும் காட்டவில்லை. பலகை நார் ஓடும் திசையில்தான் பிளக்கும். கராத்தே பழகும் சிறுவனுக்கும் இது தெரியும். அன்று ஒரு பலகையை நாருக்குக் குறுக்கே முறிய வேண்டிய வகையில் பிடித்திருந்தார்கள். என்னோடு வந்த பெண் முதல் அடியிலேயே கை வலிக்கிறது என்றாள். வளவாளர் நிறுத்தவில்லை. “வலி மூளையில்தான் இருக்கிறது, இன்னொரு முறை” என்று சொல்லி மற்றவர்களைக் கைதட்ட வைத்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவள் மீண்டும் அடித்தாள். மணிக்கட்டு வீங்கியது. முதலுதவிப் பெட்டி அங்கே இல்லை. அருகிலிருந்த கடையில் ஐஸ் வாங்கிக் கட்டி, முச்சக்கரவண்டியில் அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர்கள் சக மாணவிகள். உங்கள் தரப்பிலிருந்து ஒருவரும் கூட வரவில்லை.

ஜூடோவில் தாங்க முடியாத பிடியில் இருப்பவர் கையால் இரண்டு தரம் தட்டுவார். தட்டிய கணமே மற்றவர் விட்டுவிட வேண்டும். பட்டியின் நிறம் எதுவானாலும் இதற்கு விலக்கு இல்லை. போதும் என்று சொல்லும் உரிமை பயில்பவரிடம் இருப்பதால்தான் பயமில்லாமல் முழு பலத்தோடும் பழக முடிகிறது. உங்கள் வகுப்பில் ஒரு பெண் போதும் என்றாள், கேட்கப்படவில்லை. மறுநாள் வாட்சப் குழுவில், அவளுக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்ததால்தான் பலகை உடையவில்லை என்று வளவாளர் குரல் செய்தி போட்டார். அதைக் கேட்டு அவள் பட்ட அவமானத்தை நான் நேரில் பார்த்தேன். தையல் இயந்திரத்தில் உட்காரும் பெண்ணுக்கு வலக்கை மணிக்கட்டுத்தான் சோறு. வாரக்கணக்கில் அவளால் வேலைக்கு வர முடியவில்லை. அந்த நாட்களின் சம்பளமும் ஊக்குவிப்புக் கொடுப்பனவும் போயின. பயிற்சிக்கான தவணையை மட்டும் உங்கள் கணக்குப் பிரிவு தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

தனித்தனியான வழிகாட்டல் அமர்வுகள் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அவை நடக்கவே இல்லை. அவற்றுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே குரல் செய்தி வந்தது. ஆனால் சான்றிதழைப் பற்றி எழுத வேண்டும். ‘சர்வதேசத் தரத்திலான கோச்’ (தொழில்சார் வழிகாட்டி) என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். சர்வதேச கோச்சிங் சம்மேளனம் தன் முதல் நிலைச் சான்றுக்கே 60 மணித்தியாலப் பயிற்சியையும், 100 மணித்தியாலம் பிறருக்கு வழிகாட்டிய அனுபவத்தையும், தேர்ந்த ஒருவர் நம் அமர்வுகளைக் கேட்டுத் திருத்தும் 10 மணித்தியாலத்தையும் கேட்கிறது. உங்கள் கால அட்டவணையில் உள்ள மொத்த நேரம் 24 மணித்தியாலம். அதில் ஒரு மாணவர் இன்னொருவருக்கு வழிகாட்டுவதை யாரும் ஒரு தடவைகூடக் கவனித்துத் திருத்தவில்லை. கடைசி நாளில் வந்திருந்த அனைவருக்கும் கறுப்புப் பட்டிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டகம் போட்டுத் தர மேலதிகமாக ரூபாய் 1,500 வாங்கினீர்கள். இந்தத் தாளை நம்பி எங்கள் பகுதி இளைஞர்கள் நாளை பிறருக்கு வழிகாட்டப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கிழக்கில் ஒழுக்கத்தோடு உடலைப் பழக்கும் மரபு இல்லை, அதனால்தான் இங்கே இளைஞர்கள் முன்னேறவில்லை என்று வளவாளர் பேசினார். எங்கள் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களில் சிலம்படி, சீனடி என்ற தற்காப்புக் கலைகள் தலைமுறைகளாகப் பழகப்பட்டு வருகின்றன. கூத்துக் களரியை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்துப் பாத்திரம் தெரிந்து, அவர் பாட வேண்டிய பகுதியை எழுதிய ‘சட்டம்’ கொடுத்து, இரவிரவாக ஆட்டம் பழக்கி, சதங்கை அணிவித்து, அதன் பிறகே அரங்கேற்றத்துக்கு விடுவார். கால் பிழைத்தால் மத்தளம் நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டும். பார்த்துத் திருத்தும் ஆசிரியர், திரும்பத் திரும்பச் செய்யும் மாணவர், பக்குவம் வந்தபின் மேடை. தற்காப்புக் கலையின் வழி ஆளை வளர்ப்பது என்று நீங்கள் விற்க முனைந்ததும் இதுதான். அது எங்களிடம் இருக்கிறது. மட்டக்களப்பில் நின்றுகொண்டு இல்லை என்று சொன்னதற்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். காயமடைந்த பெண்ணின் மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தையும் முதலில் கொடுங்கள். அவளிடம் மீதித் தவணை கேட்பதை உடனே நிறுத்துங்கள். வாட்சப் குழுவில் அவளைப் பற்றிச் சொன்னதை அதே குழுவில் திரும்பப் பெறுங்கள். எங்கள் மூவரின் கட்டணத்தையும் முழுமையாக மீளளியுங்கள். கட்டணத்தை அடுத்த பயிற்சிக்கு மாற்றித் தருவதாக உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அடுத்த தொகுதிக்கு விளம்பரம் செய்திருப்பதைப் பார்த்தேன். அங்கே பலகை உடைக்கும் பகுதியை நீக்குங்கள். வளவாளர் எந்தக் கலையில், யாரிடம், எந்தத் தரம் வரை பழகியவர் என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். சான்றிதழிலிருந்து ‘சர்வதேச’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபையிடம் முறையிட வேண்டும் என்பதால் நான் நீண்டகாலம் காத்திருக்கப் போவதில்லை. இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால் அங்கே முறைப்பாடு செய்வேன். உங்கள் பயிற்சி நிலையம் பதிவு செய்யப்பட்டதா என்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடமும் கேட்பேன்.

பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள், விளம்பரத்தின் பிரதி, கால அட்டவணை, வைத்தியசாலையின் சிகிச்சை அட்டை, சம்பளத் தாள் ஆகியவற்றின் நிழற்பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாட்சப் குரல் செய்தி என்னிடம் இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் கையளிப்பேன். காயமடைந்த பெண்ணுக்குரிய தொகையை என் கணக்கில் இடாமல் அவளுடைய பெயருக்கே காசோலையாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சியில் இணைந்திருந்த வாடிக்கையாளர்
(பதிவு இலக்கம் இணைத்த பற்றுச்சீட்டில் உள்ளது)