பொருள்: 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸில் வலப்பக்கம் மட்டும் மங்கல், மாற்றித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸை சர்வீஸ் சென்டர் இரண்டாவது முறையும் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறது. "இவ்வளவு பெரிய அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் திறப்பில்) ஓரங்கள் மங்கலாகத்தான் இருக்கும், இது குறைபாடு அல்ல" என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

கார்த்திகை தீபத்தன்று வீட்டுத் திண்ணையில் அகல் விளக்குகளை ஒரே வரிசையாக வைத்து, நேர் எதிரே ட்ரைபாட் போட்டு எடுத்தேன். நடு விளக்கில் திரியின் கருகல் வரை தெரிகிறது. இடது கடைசி விளக்கு கொஞ்சம் மென்மைதான், ஆனாலும் சுடர் சுடராக இருக்கிறது. வலது கடைசி விளக்கில் சுடர் இழுபட்டு, வால் முளைத்து, அகலின் விளிம்பே காணோம். திறப்பைச் சுருக்கி எஃப்/2.8 வைத்தும் அந்தப் பக்கம் தேறவில்லை.

சரி, நான் நின்ற கோணம் தப்போ என்று மறுநாள் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் எடுத்துப் பார்த்தேன். கோணம் காரணமென்றால் தாளின் அதே பக்கம்தான் மங்கியிருக்க வேண்டும், ஆனால் மங்கல் கேமராவோடு சேர்ந்து தாளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. அதே கேமராவில் வேறு லென்ஸ் மாட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல் தெளிவு.

இப்படிப்பட்ட லென்ஸ் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் நான் வாங்கவில்லை. 50 மி.மீ.க்கு எஃப்/0.95 என்றால் ஒளி நுழையும் வழி மட்டுமே கிட்டத்தட்ட 53 மி.மீ. அகலம். கண்ணாடியின் விளிம்பில் விழும் கதிர்கள் அதிகமாக வளைந்து, நடுவில் வருபவற்றுக்கு முன்னாலேயே குவிந்துவிடும். திறப்பின் விட்டம் இரட்டிப்பானால் இந்தக் கோளப் பிறழ்ச்சி தரும் மங்கல் எட்டு மடங்காகும். ஃபோகஸுக்கு முன்னே ஊதாவும் பின்னே பச்சையும் படியும். ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவின் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே, கண் தெளிந்தால் காது போய்விடும். நிக்கான் 2019இல் கொண்டுவந்த 58 மி.மீ. எஃப்/0.95 நாக்ட் லென்ஸில் 17 கண்ணாடிகள், எடை 2 கிலோ, ஆட்டோஃபோகஸும் கிடையாது. அதனால் வைட் ஓப்பனில், அதாவது திறப்பை முழுதாகத் திறந்து எடுக்கும்போது, வரும் மென்மை, நிற ஓரம், மூலை இருட்டு எதைப் பற்றியும் நான் புகார் சொல்லவில்லை.

ஆனால் அவையெல்லாம் மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக வர வேண்டியவை, ஏனென்றால் கண்ணாடி வட்டம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்தோ நகர்ந்தோ உட்கார்ந்திருக்கிறது. அது டீசென்டரிங். வடிவமைத்தவர் பிழை அல்ல, பொருத்தியவர் பிழை. எஃப்/2.8 லென்ஸில் கண்ணுக்கே தெரியாத சாய்வு இதில் பளிச்சென்று தெரியும், அப்படியென்றால் அனுப்புமுன் ஒவ்வொன்றையும் இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டியது நீங்கள்தானே?

லென்ஸ் வாரண்டியில்தான் இருக்கிறது. வேறு லென்ஸ் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். மறுபடி சோதிப்பதாக இருந்தால் இடது, வலது ஓரங்களின் சோதனைப் படங்களோடு எழுத்தில் பதில் வேண்டும், ஒற்றை வரிச் சீட்டு வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். விளக்கு வரிசைப் படம், தலைகீழாக எடுத்த படம், பில் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்