தவறிய பாடத்தையும் பொறுமையாகப் படித்தவர்களுக்கு

மொரீசியசுத் தீவின் தமிழாசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ரோஸ் ஹில்லை அடுத்த ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், நடத்திய பாடங்களைப் பற்றி நாம் எழுதி ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் வகுப்பறைக் குறிப்பேட்டை என்னிடம் நம்பித் தந்து, அதில் நான் எழுதியவற்றைப் படித்து, பக்க ஓரங்களில் மறுமொழி எழுதிய உங்கள் அனைவருக்கும் இம்மடலின் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பள்ளியில் தமிழுக்கு நான் ஒருத்திதான். ஒரு பாடம் பிள்ளைகளின் மனத்தில் ஏன் பதியவில்லை என்று கேட்பதற்கு ஆசிரியர் அறையில் எவரும் இல்லை. 1970-இல் தொடங்கப்பெற்ற மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயின்ற நாள்களில் பாடத்தைத் திட்டமிடக் கற்றேன். முடிந்துபோன பாடத்தைத் திரும்பிப் பார்க்க உங்களிடமே கற்றேன்.

நான் எழுதிய முதல் பக்கம், மூன்றாம் வகுப்பில் நடத்திய காய்கறிப் பாடத்தைப் பற்றியது. பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் பலமுறை சொல்லவைத்தும், மறுநாள் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே அவை நினைவிருந்தன. கூச்சத்தோடு எழுதிய அப்பக்கத்தின் ஓரத்தில், ஃபிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, "பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கிப் பாருங்கள், அம்மா" என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றையும், முருங்கைக்கீரையையும், ஒரு பீர்க்கங்காயையும் வகுப்புக்குக் கொண்டுசென்றேன். இலையைக் கசக்கி முகர்ந்த சிறுமி, வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்வதுபோல் "காரிபுலே" என்றாள். அதன் அருகில் கறிவேப்பிலை என்று எழுதினேன். "ப்ரெத் முரும்" என்ற கீரைக்குள் முருங்கையும், "பிப்பாங்காய்" என்ற சொல்லுக்குள் பீர்க்கங்காயும் இருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தார்கள். "அப்படியானால் ரசோனும் தமிழா, மிஸ்?" என்று ஒரு சிறுவன் கேட்டபோது, ஆயுள் முழுதும் ரசம் உண்டும் அவ்வாறு எண்ணிப்பாராத நான், அவன் மேசைக்கருகிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்தப் பெரியவருக்கு என் முதல் நன்றி.

நம் இருபத்தைந்து ரூபாய்த் தாளிலுள்ள தமிழ் எழுத்தையும் தமிழ் எண்ணையும் காட்டி எண்கள் கற்பிக்கலாம் என்று எழுதிய கியூர்பிப் ஆசிரியைக்கும், 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் குறிப்பேடு நின்றுபோகாமல் காத்த தம்பிக்கும் கடமைப்பட்டுள்ளேன். சிறப்பாக அமைந்த பாடங்களை எழுதியவர்களைக் காட்டிலும், அமையாதவற்றை மறைக்காமல் எழுதியவர்களே எனக்குப் பெரிதும் உதவினார்கள் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். அவற்றைப் படித்த பின்னரே எனக்கும் எழுதும் துணிவு வந்தது.

லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பிள்ளைகளின் நாவிற்குக் கொண்டுவர நான் செய்த மூன்று முயற்சிகளையும், அவை நின்றுவிட்ட இடத்தையும் இவ்வாரம் எழுதி முடித்திருக்கிறேன். குறிப்பேடு சனிக்கிழமை மாஹேபூர் அக்காவின் கைக்கு வந்து சேரும். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
ரோஸ் ஹில் தமிழாசிரியை