மீடியா ஸ்டடீஸ் எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பார்க்கவும்

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த் பிள்ளைகள் மூன்று பேர் தனித்தனியாக, மீடியா ஸ்டடீஸ் எம்.ஏ.வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரே கேள்வியைக் கேட்டதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். மூன்று வருட பி.ஏ. முடித்த கையோடு இங்கே தென்னாப்பிரிக்காவில் நேராக எம்.ஏ.வுக்குப் போக முடியாது, நடுவில் ஒரு வருடம் ஆனர்ஸ் என்று தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்தியாவில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் முதல் வேலையாக சாக்வா (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிற இங்குள்ள அரசு அமைப்பு) மதிப்பீட்டுக்குப் போட்டுவிடுங்கள், அது இழுத்தால் மற்றதெல்லாம் தொங்கும்.

வீட்டுச் சாப்பாட்டை விட முடியாதவர்களுக்கு டர்பனிலேயே குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம். வெளியே போகலாம் என்றால் மக்காண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகம், ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம்.

அப்புறம் ஆய்வு முன்மொழிவு, எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். நான் முதல் தடவை ‘ஊடகமும் சமூகமும்’ என்று எழுதிக் கொடுத்தேன், ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று, இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மில் வருகிற தமிழை எங்கள் தெருப் பாட்டிகள் சமையலறையில் எப்படிக் கேட்கிறார்கள், பேத்திகள் ஏன் கேட்பதில்லை என்று சுருக்கினேன், வழிகாட்டப் பேராசிரியரே கூப்பிட்டார்.

வரைவு வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். கல்யாண போட்டோக்களுக்கு நடுவில் தேட என்னால் ஆகாது.