அப்பா பெயரில் ஓர் எழுத்து

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. யாழினி மேற்படிப்புக்கு அமெரிக்கா வரப் பார்க்கிறாள் என்று படித்ததும் அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் தம்பியின் மனு விஷயம் குறுக்கே வந்துவிட்டது. இப்போது அது முடிந்த கையோடு எழுதுகிறேன். ‘அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது, பரவாயில்லையா?’ என்று கடைசி வரியில் கேட்டிருந்தாயே, அதற்கு இந்தக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

நான் இங்கே குடியுரிமை பெற்றதும், உறவினரை அமெரிக்காவில் குடியேற்றக் கேட்கும் ஐ-130 மனுவைத் தம்பிக்காகப் போட்டது உனக்குத் தெரியும். உடன்பிறந்தவர்களுக்கான வரிசையில் இந்தியர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த வரிசையில் இடம் பிடிக்கவே, நாங்கள் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்டியாக வேண்டும். இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை இணைத்து அனுப்பியிருந்தேன். சில மாதம் கழித்து, கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. தந்தையின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இல்லையாம்.

அப்பா பெயர் வேலாயுதம். என் சான்றிதழில் ‘யு’வுக்கு அடுத்து ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து இருக்கிறது. தம்பியுடையதில் அந்த இடத்தில் நான்காவது எழுத்து. தமிழில் சொன்னால் அந்த இரண்டு எழுத்துக்கும் பெயர் ‘டி’தான். நமக்கு ஒரே ‘த’. தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அடித்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கோ அவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ் தெரியாத ஒருவர் அந்தக் காகிதத்தை வைத்து வேறு எப்படி முடிவெடுப்பார்?

தம்பி ஊருக்குப் போய் மூலப் பதிவேட்டின் நகலையே எடுத்து அனுப்பினான். கையால் தமிழில் எழுதிய பக்கங்கள். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே ‘பெண்’ என்று இருக்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்திருக்கிறார்கள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. ‘வே’யின் கொம்பை வளைத்து, ‘ம்’ புள்ளியைத் தள்ளி வைப்பாரே, அதே கையெழுத்து. ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு பக்கங்களிலும் ஒரு மாற்றமும் இல்லை. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் மொழிபெயர்ப்பையும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சித்தப்பா நோட்டரி முன் கொடுத்த பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பினோம். போன வாரம் மனு ஏற்கப்பட்டது. இனிமேல் வரிசை நகர வேண்டியதுதான் பாக்கி.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். அவள் மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். யாழினி’ என்று இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. ஆகவே பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டிருப்பீர்கள். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், ஒற்றைப் பெயர் உள்ளவர்களின் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று எழுத வேண்டும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது.

என் கணவர் அப்படித்தான் இங்கே வந்து இறங்கினார். ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. மருந்துக் கடையில் அதையே பெயராக நினைத்துச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து போவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அவருடைய அம்மா ஆசையாக வைத்த பெயர் அச்சில் கண்ணெதிரே இருக்கிறது, தெரியவில்லை என்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தோடு பெயர் மாற்றமும் கேட்டு, நீதிபதி முன் உறுதிமொழி எடுத்த அன்றுதான் அது ஒழிந்தது.

வளைகுடாவில் இன்னும் கடுமை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவும் வருகை விசாவும் இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது நினைவிருக்கிறதா? அதன் பிறகுதான், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

‘நமக்கு ஏது சர்நேம்’ என்று நீ எழுதியிருந்ததில் ஒரு தயக்கம் தெரிந்தது. தயங்க ஒன்றுமில்லை, கலா. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெயரின் வாலில் சாதி இல்லாமல் நாம் வளர்ந்தது அப்படிப்பட்டவர்கள் செய்த வேலை. யாரோ படிவம் அச்சடித்தார்கள் என்பதற்காக அதை மறுபடியும் தேடிப்பிடித்து ஒட்ட வேண்டாம். அப்பா பெயர் போதும், அம்மா பெயர் என்றாலும் சரி.

அவளுடைய பாஸ்போர்ட் இந்த ஆண்டு முடிகிறது என்றாயே, நல்லதாயிற்று. மறு வழங்கலுக்குப் போடும்போதே ‘யாழினி’யை முதற்பெயராகவும் அவள் அப்பா பெயரான ‘சுந்தரம்’ என்பதைச் சர்நேமாகவும் வைத்துவிடுங்கள். அதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்று சேவை மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் டோஃபல், ஜிஆர்இ போன்ற தேர்வுகளுக்குப் பதிவு செய்ய வேண்டும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவமும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் வரும். பழைய காகிதங்களில் இருக்கும் மற்ற வடிவங்களை மறைக்க வேண்டாம். ‘வேறு பெயர்கள்’ என்று கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதட்டும். நான் குடியுரிமைக்குப் போட்டபோது இனிஷியலோடு ஒன்று, கல்யாணப் பதிவில் அவர் பெயரோடு ஒன்று என்று நான்கு எழுதினேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

‘ழ’வைப் பார்த்துக்கொள். பள்ளியில் அதற்கு இரண்டு ஆங்கில எழுத்து போட்டிருப்பார்கள், ஆதாரில் ஒற்றை ‘எல்’ இருந்தாலும் இருக்கும். எதை வைத்துக்கொள்வது என்று அவளையே கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் அதை எழுதப்போகிறவள் அவள்தான்.

அப்பா பெயரைச் சர்நேமாக வைத்ததில் எனக்குக் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே மருத்துவமனையில் பெரும்பாலும் சர்நேமைச் சொல்லித்தான் அழைப்பார்கள். வந்த புதிதில், ‘வேலாயுதம்’ என்று கேட்டால் கூச்சமாக இருக்கும். அப்பா போன பிறகு, தாதி வாய் குழறி அந்தப் பெயரைச் சொன்னாலும் உடனே எழுந்துவிடுகிறேன்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் நான்கையும் படமெடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை எட்டு மணிக்கு அழைக்கிறேன். யாழினியையும் பக்கத்தில் உட்கார வை, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மல்லிகா