காபி மேசைக்குப் பக்கத்து மேசை: ஜெர்மனியிலுள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயற்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். முந்தின நாள் இரவே ஹால் சாவி வாங்கி, மூட்டை வெங்காயம் நறுக்கி, மாறுவேடப் போட்டிக்கு வந்த ஆறு பாரதியார்களையும் அழவிடாமல் பார்த்துக்கொண்டு நீங்கள் பொங்கல் விழா நடத்தும் பாடு எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு நானும் சாம்பார் வாளி தூக்கியவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். வாசலில், காபி மேசைக்குப் பக்கத்தில் காப்பீடு விற்பவருக்காகப் போடப்படும் அந்த இன்னொரு மேசையைப் பற்றி.

நான் 2014-இல் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தேன். வயது முப்பது. வந்த மூன்றாம் மாதம் முதல் பொங்கல். அந்த மேசையில் இருந்தவர், "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். விருதுநகர் என்றேன். அவருடைய மாமனாருக்கு சாத்தூர். அப்புறம் என்ன, கையில் காபி, காதில் தமிழ், சுற்றிலும் நம் மக்கள். அரை மணி நேரத்தில் ஒரு தனியார் ஓய்வூதியக் காப்பீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். மாதம் 150 யூரோ, 67 வயது வரை. நன்றியுரையில் அவர் பெயரையும் மேடையில் வாசித்தீர்கள். சங்கமே சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். தண்ணீர்க் குழாய் கழன்று, கீழ்வீட்டு அம்மையாரின் பியானோமீது முக்கால் மணி நேரம் மழை. கதவைத் தட்டிய அவர் கோபப்படவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் இருக்கிறதா?" அந்தச் சொல்லையே நான் அன்றுதான் முதலில் கேட்டேன். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. திட்டியிருந்தாலே தேவலை.

பியானோவுக்கு 3,800 யூரோ. பதினான்கு தவணையில் கட்டினேன்.

ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்றால் தனிநபர் பொறுப்புக் காப்பீடு. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 823-ஆம் பிரிவு, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ இன்னொருவரின் உடலுக்கோ உடைமைக்கோ கேடு செய்தவர் ஈடு கட்ட வேண்டும் என்கிறது. அதற்கு உச்ச வரம்பு கிடையாது. சைக்கிளில் போகும்போது ஒரு முதியவரை இடித்து அவர் இடுப்பெலும்பு முறிந்தால், அவருடைய மருத்துவக் காப்பீடு செலவு முழுவதையும் நம்மிடம் கேட்டு வரலாம். நம் ஊரில் இப்படிப்பட்ட சமாசாரம் பெரும்பாலும் வாக்குவாதத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் நமக்கு இது உறைப்பதில்லை. இவ்வளவு பெரிய ஆபத்துக்கான காப்பீட்டின் விலை ஆண்டுக்கு அறுபதிலிருந்து நூறு யூரோ. நான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த தவணையில் பாதி, முழு ஆண்டுக்கும்! குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்த சேதத்துக்குச் சட்டப்படி அந்தக் குழந்தை பொறுப்பில்லை. ஆகவே சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் முறியாமல் இருக்க வேண்டுமென்றால், அதையும் சேர்த்துக் கொடுக்கும் பாலிசியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த மேசைக்காரர் இதை ஏன் சொல்லவில்லை? அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எழுபது யூரோ பாலிசியில் அவருக்குக் கிடைப்பது காபிச் செலவுக்கு ஆகும். முப்பத்தேழு ஆண்டு ஒப்பந்தத்திலோ, கட்டப்போகும் மொத்தத் தொகையை வைத்துக் கமிஷன் கணக்கிடுவது வழக்கம். என் மொத்தம் 66,600 யூரோ. அந்த ஆரம்பச் செலவை முதல் ஐந்தாண்டுத் தவணைகளிலிருந்து கழிக்கிறார்கள். நான் 28 மாதத்தில் விட்டேன். கட்டியது 4,200, திரும்பி வந்தது மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தகைய ஒப்பந்தத்தை முப்பது நாளுக்குள்ளும், மற்றக் காப்பீடுகளைப் பதினான்கு நாளுக்குள்ளும் காரணம் சொல்லாமலே ரத்து செய்துவிடலாம் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. யாராவது மைக்கில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

மருத்துவக் காப்பீட்டில் நடப்பது இதைவிடப் பெரிது. பிஸ்மார்க் காலத்தில், 1883-இல் தொடங்கிய பொதுக் காப்பீட்டில் சம்பளத்தின் 14.6 விழுக்காடும், அந்தந்த காஸ்ஸே, அதாவது பொதுக் காப்பீட்டை நடத்தும் நிறுவனம், விதிக்கும் கூடுதல் விழுக்காடும் பிடிக்கிறார்கள். பாதி முதலாளியுடையது. வருமானமில்லாத மனைவியோ கணவரோ, பிள்ளைகளோ இதில் தனியாகப் பணம் கட்டாமலே சேரலாம். சிகிச்சை உரிமைகளில் பெரும்பகுதி சட்டம் விதித்தவை என்பதால் எந்த காஸ்ஸேயில் சேர்வது என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆண்டுச் சம்பளம் 2026 நிலவரப்படி 77,400 யூரோவைத் தாண்டும் ஊழியர் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இங்கேதான் தூண்டில். இருபத்தொன்பது வயது, கல்யாணமாகாதவர், நோய் நொடி இல்லை. தனியாரில் மாதச் செலவு குறைவாகத் தெரியும். டாக்டரிடம் தேதியும் சீக்கிரம் கிடைக்கும். உண்மைதான். என் அலுவலக நண்பர் அப்படித்தான் போனார். பிறகு மதுரையிலிருந்து மனைவி வந்தார், இரண்டு குழந்தைகள் பிறந்தன. தனியாரில் தலைக்கு ஒரு பிரீமியம். திரும்பி வரலாமென்றால் சம்பளம் அந்த வரம்புக்குக் கீழே இறங்க வேண்டும். 55 வயதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவும் அநேகமாக மூடிக்கொள்ளும். தனியார் கூடவே கூடாது என்பதல்ல என் கட்சி. வந்த முதல் மாதத்தில், வடையைக் கடித்துக்கொண்டே எடுக்கிற முடிவு அது இல்லை.

முதுகலை படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதே பொறி வேறு உருவில். மலிவாக இருக்கிறதே என்று தனியார் பாலிசி எடுத்து, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கடிதம் வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை அந்த விலக்கை ரத்து செய்ய முடியாது.

அடுத்தது, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம். நம்மில் ஒருவர் திடீரென்று இறந்துபோனால் இரவோடு இரவாக வாட்ஸாப் குழுவில் வசூல் தொடங்குகிறீர்கள். உடலை ஊருக்கு அனுப்ப, அந்தப் பெண்ணும் பிள்ளையும் வாடகை கட்ட. எத்தனை முறை செய்திருக்கிறீர்கள், கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் அந்த வசூல் ஏன் தேவைப்படுகிறது என்று நாம் புதியவர்களுக்குச் சொல்வதே இல்லை. பொது மருத்துவக் காப்பீடு ஈமச் செலவுக்குக் கொடுத்துவந்த தொகை 2004-இலேயே நின்றுவிட்டது. அரசு ஓய்வூதியத்தில் விதவைக்கான பங்கும், வேலை செய்யும் திறன் போனால் வரும் பங்கும் பொதுவாக ஐந்தாண்டு கட்டியிருந்தால்தான் கிடைக்கும். வேலை விபத்துக்கு விலக்கு உண்டு, மாரடைப்புக்கு இல்லை. ஆக, வந்து இரண்டாம் ஆண்டில் இருப்பவர்தான் இருப்பதிலேயே வெறுங்கையோடு நிற்பவர். சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிப்பதைப் பார்த்து, எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருப்பவரும் அவரேதான்.

இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. அதையும் யாரும் சொல்வதில்லை. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, இந்தியாவில் ஓய்வூதியத் திட்டத்தில் கட்டிய காலத்தையும் அந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பழைய பி.எஃப். காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே.

குடும்பத்தோடு வருபவருக்கு ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்டுக்கு அடுத்து நான் சொல்வது ஆயுள் காப்பீடு. சேமிப்பு, முதலீடு எதுவும் கலக்காத, இறந்தால் மட்டும் பணம் தரும் வகை. புகைபிடிக்காத முப்பது வயதுக்காரருக்கு மாதம் பதினைந்து இருபது யூரோவுக்குள் நல்ல தொகைக்கே கிடைக்கும். தொழில் செய்ய இயலாமல் போவதற்கான காப்பீடு அதைவிட விலை, ஆனால் யோசிக்க வேண்டிய ஒன்று. அதில் உடல்நலக் கேள்விகள் வரும். "ஊரில் முதுகுவலிக்குப் பார்த்ததெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியப்போகுது, இல்லைன்னு போடுங்க" என்று ஒருவர் நம் விழாவிலேயே சொல்லக் கேட்டேன். தமிழில் சொன்னதால் அது இனிமையாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பொய்யாகப் பதில் எழுதியிருந்தால் நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொள்ளலாம். பழைய காகிதங்களை அவர்கள் தோண்டுவது கையெழுத்துப் போடும் நாளில் அல்ல, நாம் பணம் கேட்கும் நாளில்.

கோடையில் வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு 30,000 யூரோ வரை ஈடு தரும் பாலிசி இருந்தால் போதும். அந்தப் பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இடமில்லை. நம் பெற்றோரில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர் எத்தனை பேர்?

சரி, என்ன கேட்கிறேன்? மேசையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஹால் வாடகை யார் கட்டுவது என்று எனக்கும் தெரியும். மேசையில் இருப்பவர் ஒரே நிறுவனத்தின் முகவரா, பல நிறுவனங்களோடு பழகும் தரகரா, கமிஷன் வாங்காமல் கட்டணம் வாங்கும் ஆலோசகரா என்பதைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்த விவரத்தை முதல் சந்திப்பிலேயே கொடுப்பது இங்கே சட்டம், நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. தொழில் வர்த்தகச் சபையின் பதிவேட்டு எண்ணும் அட்டையில் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். விழா நாளில் கையெழுத்து வாங்கக் கூடாது. வேண்டுமானால் அடுத்த வாரம் அவர் அலுவலகத்தில் வாங்கட்டும். நன்றியுரையில் அவர் பெயரைச் சொல்லும்போது, "இது விளம்பரம், சங்கத்தின் பரிந்துரை அல்ல" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, செமஸ்டர் தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிதாக வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் நுகர்வோர் ஆலோசனை மையத்திலிருந்து ஒருவரை அழைக்கலாம். அவர்கள் காப்பீடு விற்பதில்லை. மொழிபெயர்க்க நான் வருகிறேன். கூடவே என்னிடம் இருக்கும் கோப்பையும் கொண்டுவருகிறேன். அந்த ஓய்வூதியக் காப்பீட்டின் கடைசிக் கணக்குச் சீட்டும் பியானோ ரசீதும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. பெயர்களை மறைத்து யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, தேதியை மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர் ஒருவர்
ஸ்டுட்கார்ட்