அப்பத்தா படம் வரையக் கொடுக்குமுன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் எண்ணெய் வண்ணப் படம் கேட்டு வருபவர்கள் முதலில் சொல்வது, "அச்சு அசலா இருக்கணும்." அடுத்த மூச்சிலேயே, "நிறத்தைக் கொஞ்சம் தூக்கிருங்க, சுருக்கத்தை எடுத்திருங்க." இரண்டும் சேர்ந்து நடக்காது. மாநிற முகத்தை வெளுப்பாக்கினால் கன்னத்து நிழலையும் மூக்கோர நிழலையும் கூடவே வெளுக்க வேண்டிவரும். மூக்கு அமுங்கும், தாடை கரையும், ஆளே மாறிவிடுவார். அவர் சிரித்த முகக்காரரா, கறாரான ஆளா என்று காட்டுவதே கண்ணோரச் சுருக்கம்தான். கழுத்துரு நகையை எவ்வளவு வேண்டுமானாலும் மின்ன வைக்கிறோம், முகத்தை விட்டுவிடுங்கள்.

போட்டோ எடுப்பதானால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு முகப்பில் உட்காரவைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி எடுங்கள். வளவு வாசலில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழி இருண்டுவிடும். ஃப்ளாஷ் வேண்டாம். கண்ணில் விழும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளிதான் பார்வைக்கு உயிர். ஜன்னல் வெளிச்சத்தில் அது கருவிழியின் மேலோரத்தில் விழும். ஃப்ளாஷில் நடுவில் விழுந்து, முறைப்பது போல ஆகிவிடும். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருக்கும். ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். பல் தெரியச் சிரிக்கும் படம் ஓவியத்துக்கு உதவாது. போட்டோவில் அது ஒரு நொடிச் சிரிப்பு. சுவரில் வருஷக்கணக்காக இளித்துக்கொண்டிருக்கும்.

காலமானவர்களுக்குப் பழைய ஸ்டூடியோ படம்தான் கிடைக்கும். அந்தக் காலத்து பிலிம்களில் பல சிவப்பை உணராதவை. அதனால் உதடும் குங்குமமும் கறுப்பாக, தோலும் உள்ளதைவிடக் கறுத்து விழும். வீட்டில் அவர் நிறம் யாருக்கு வந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் படத்தையும் கொண்டுவாருங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே கொடுங்கள். கைக்கடிகாரம் எந்தக் கை, வகிடு எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்ட படங்கள் உண்டு. கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிப் படத்தை மட்டும் நம்பி வரையச் சொல்லாதீர்கள்.

"ரொம்பப் பாசமானவுக" என்றால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. பேரேடு பார்க்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாரா? பேச்சைக் கேட்கையில் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார்? சும்மா இருக்கும்போது கை எங்கே இருக்கும்? இவைதான் வேண்டும். கைகளும் தெரிய வேண்டுமானால் 30க்கு 40 அங்குலம் எடுங்கள். 16க்கு 20இல் தலையும் தோளும் மட்டுமே அடங்கும். பட்டாலைக் கூடத்தில் ஒன்பதடி உயரத்தில் மாட்டினால் முகம் தெரியாது.

முதலில் கரிக்கோட்டுப் படம் காட்டுவோம். தலைச் சாய்வு, பார்வை எதையும் அப்போது மாற்றலாம். வண்ணம் ஏறியபின் தலையை அரை அங்குலம் திருப்பச் சொன்னால் கழுத்து, தோள், நிழல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். விசேஷத்துக்கு நான்கு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் நீர் வற்றிக் காய்வதல்ல, காற்றைப் பிடித்து இறுகுவது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அவசரத்தில் இது மாறினால் மேல்பூச்சு வெடிக்கும். வார்னிஷை ஆறு மாதம் கழித்துத்தான் பூசுவோம், அதற்கு ஒருமுறை படத்தைக் கொண்டுவர வேண்டும்.

வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடானால் இன்னொன்று. இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் தெளியும். நேர் வெயில் மட்டும் வேண்டாம். பூஞ்சை அப்படித் தானாகப் போகாது. ஐப்பசி மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் ஏற்கும், ஆகவே பிரேமின் கீழ் மூலைகளில் அரை அங்குலக் கட்டை வைத்து, சுவரோடு ஒட்டாமல் மாட்டுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பன்று கான்வாஸில் சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள். நிறத்தோடு கலந்து கறையாகும், துடைத்தால் பூச்சும் வரும். பொட்டைப் பிரேமில் வையுங்கள். மாலைக்கென்று பிரேமின் இருபுறமும் பித்தளைக் கொக்கி வைத்துத் தருகிறோம். மாலையைத் தண்ணீர் உதறிவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓவியக்கூடத்தார்,
காரைக்குடி