18 கோயில் வேண்டாம், ஏட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பின பயணத் திட்டத்தை அப்பா ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நவதிருப்பதி என்று பெருமாள் கோயில் 9, நவகைலாயம் என்று சிவன் கோயில் 9, ஆக மொத்தம் 18 கோயில், 2 நாளில், கோயிலுக்கு 25 நிமிஷம். மெல்போர்னில் வேலைக்கு நடுவே உட்கார்ந்து இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாயே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் இது நடக்காது ஏட்டி. நடந்தாலும் வேண்டாம். இங்கே மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் 4, 5 மணிக்குத்தான் திறப்பார்கள். அதை விட்டுவிட்டு நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அதுவும் போக, இறங்கி ஏறி இறங்கி ஏறி, கடைசியில் எந்தப் பெருமாள் நின்றார், எந்தப் பெருமாள் கிடந்தார் என்று நம் தம்பிக்கு, என் பேரனுக்கு, ஒன்றுமே மனதில் நிற்காது.

கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கீபோர்டை வைத்துக்கொண்டு ராகம் என்றால் என்ன என்று கேட்கிறான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது.

நானும் முறையாகப் படித்தது 2 வருஷம்தான். சரளி, ஜண்டை, அலங்காரம் என்று ஆரம்பப் பாடம் எல்லாம் முடித்து வர்ணத்தில் கால் வைத்த சமயம், வயசுக்கு வந்த பிள்ளை தெருத் தாண்டிப் பாட்டு படிக்கப் போக வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அழுதேன். இத்தனை வருஷம் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. மிச்சத்தை ரேடியோதான் சொல்லித் தந்தது. இலங்கை வானொலி, அப்புறம் நம் திருநெல்வேலி வானொலி. சினிமாப் பாட்டுப் போடுகிறவர்கள் படம் பெயர் சொல்வார்கள், பாடினவர் பெயர் சொல்வார்கள், ராகம் பெயரை யார் சொல்கிறார்கள்? நானாகத்தான் தேடினேன். நீ வயிற்றில் இருந்த வருஷம், ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டே ‘தங்கரதம் வந்தது’ பாடிக்கொண்டிருந்தேன். கலைக்கோயில் படத்தில் பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் பாடினது, 1964. பாடிக்கொண்டே இருக்கும்போது பார்த்தால் வாயில் ‘இன்றைக்கு ஏன் இந்த ஆனந்தமே’ வந்துகொண்டிருக்கிறது, வைதேகி காத்திருந்தாள் பாட்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எங்கே மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே வாய்க்கால் தண்ணீர் இந்த வயலிலும் பாய்ந்து அந்த வயலிலும் பாய்ந்த மாதிரி. பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடிப்போய்ப் பாடிக் காட்டினேன். இரண்டும் ஆபோகி ராகம் என்றார்கள். அன்றிலிருந்து இதுதான் என் வழி. ஒரு பாட்டில் ஆரம்பித்து, வழி மாறாமல் இன்னொரு பாட்டுக்குள் இறங்க முடிகிறதா என்று பார்ப்பேன். எப்போதும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன், சினிமாப் பாட்டில் அழகுக்காக வேறு ஸ்வரம் ஒன்றிரண்டு கலக்கும், ஆபோகியில் ஒரு நி வந்து சேர்ந்தாலே ஸ்ரீரஞ்சனி பக்கம் போய்விடும். ஆனாலும் காது பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் வேறு மாதிரி யோசித்திருக்கிறேன். 3 நாள். குறைந்த கோயில். நடுவே காரில் பாட்டு. எந்த ஊருக்கு எந்த ராகமோ அந்த ஊரில் அதைப் பாட வேண்டும்.

முதல் நாள் காலையில் நெல்லையப்பர் கோயில். பெரிய தூணைச் சுற்றி ஒரே கல்லில் செதுக்கின சின்னச் சின்ன இசைத்தூண்களைத் தம்பிக்குக் காட்டு, ஆனால் தட்டிப் பார்க்க விடாதே. ஊரே தட்டித் தட்டி அவை தேய்ந்துகொண்டு வருகின்றன. அப்புறம் காந்திமதி சந்நிதி. நம் அம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் ‘ஸ்ரீ காந்திமதீம்’ பாடியிருக்கிறார். மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களில் 58ஆவது. உன்னைக் கைக்குழந்தையாக அங்கே தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் வாய்க்குள்ளே அதைத்தான் பாடினேன், எனக்குத் தெரிந்த வரைக்கும்.

அங்கிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் சாலை. பத்தமடையில் பாய் வாங்க வேண்டும் என்றால் திரும்பும்போது வாங்கலாம். சேரன்மகாதேவி தாண்டினதும் காருகுறிச்சி. கோயிலுக்காக இல்லாவிட்டாலும் அங்கே காரை ஓரமாக நிறுத்தச் சொல்லுவேன். நாதஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊர். ராஜரத்தினம் பிள்ளையிடம் படித்தவர், 1964இல் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்சும் சலங்கையில் ‘சிங்காரவேலனே தேவா’ கேட்டிருப்பாய், 1962இல் வந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. ஜானகி குரல் எது, நாதஸ்வரம் எது என்று ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும் பார், அந்த நாதஸ்வரம் இந்த ஊர்க்காரருடையது. ராகம் ஆபேரி. ஏறும்போது ரியையும் தவையும் விட்டுவிட்டு ஏறும், இறங்கும்போது ஏழு ஸ்வரத்தையும் தொட்டுக்கொண்டு இறங்கும். தம்பியைக் கீபோர்டில் இதை ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல். இந்த ராகத்தோடு உனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் உண்டு, அதற்கு மேலே ஆதிவராகப் பெருமாள் உண்டு. அந்தப் பெருமாள் மேல் தீட்சிதர் பாடின ‘ஸ்ரீ லக்ஷ்மி வராஹம்’ எந்த ராகம் தெரியுமா? அதே ஆபோகி. என் ஆட்டுரல் பாட்டு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறேன், இது தெரிந்த பிறகு போனபோது சந்நிதியில் கண்ணீர் வந்துவிட்டது. ‘தங்கரதம்’ பாடிக்கொண்டே கோயிலுக்குள் போகலாம், பெருமாள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். ச, ரி, க, ம, த அவ்வளவுதான், பவும் நியும் கிடையாது. தம்பிக்குக் கீபோர்டில் 5 கட்டையைத் தொட்டால் போதும். சாயங்காலம் பாபநாசம் போய் உலகம்மை சந்நிதி, படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு.

இரண்டாம் நாள் வடக்கே. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை, கிழக்கே எட்டயபுரம். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலை மாப்பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டும். பாறையை மேலேயிருந்து கீழே குடைந்துகொண்டே வந்து, பாதியில் நின்றுபோன பாண்டியர் காலத்து வேலை. கீழே முருகன் கோயில், அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடின முருகன். எட்டயபுரம் என்றால் எல்லோரும் பாரதி வீடு என்பார்கள், அதையும் பார்க்கலாம். நான் போவது தீட்சிதர் சமாதிக்கு. 1835 தீபாவளி அன்றைக்கு அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கரிசல் காடு மழையில்லாமல் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், மழை கொட்டியது என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். அந்த ராகம் ஏற்கெனவே உன் காதில் இருக்கிறது, அக்னி நட்சத்திரத்தில் ‘தூங்காத விழிகள் ரெண்டு’. இதுவும் 5 ஸ்வரம்தான், ரியும் தவும் கிடையாது. சமாதியில் நீ அதை வாய்விட்டுப் பாட வேண்டாம், மனதுக்குள் பாடு.

மூன்றாம் நாள் கிழக்கே, திருச்செந்தூர் சாலை. திருச்செந்தூர் இந்தத் தடவை வேண்டாம், மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தாங்காது, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முடியாது. நவதிருப்பதியில் 4 மட்டும் எடுத்திருக்கிறேன். காலையில் முதலில் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் இருந்த புளியமரம். அப்புறம் மதுரகவி ஆழ்வார் பிறந்த திருக்கோளூர். அப்புறம் தென்திருப்பேரை. வேதம் சொல்லும் சத்தமும், திருவிழாச் சத்தமும், பிள்ளைகள் கூட்டமாக விளையாடும் சத்தமும் ஓயாத ஊர் என்று நம்மாழ்வார் பாடின ஊர். தம்பி அங்கே ஓடினால் அதட்டாதே. வழியில் கண்ணன் பாட்டாகப் பாடுவோம். ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ நான் ஆரம்பிக்கிறேன், ரீதிகௌளை ராகம். காலேஜ் முடித்த புதிதில் சுப்பிரமணியபுரம் வந்து, ‘கண்கள் இரண்டால்’ என்று நாள் பூரா பாடிக்கொண்டிருந்தாயே, அதற்குள் நீ இறங்கு. எங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், உனக்கே தெரியும்.

நாலாவது ஸ்ரீவைகுண்டம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு 10 வயது. வேனில் எல்லோரும் போனோம், போய்ச் சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம், உன் அத்தைக்குத் தலைவலி. வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையும் துவையலும் சாப்பிட்டோம். நீ பொழுது போகாமல் ‘சின்னஞ்சிறு வயதில்’ பாடினாய். பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்த நாதஸ்வரக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். நீ நிறுத்தின இடத்திலிருந்து, வாத்தியம் இல்லாமல் வெறும் வாயாலே, தியாகராஜரின் ‘நகுமோமு’ எடுத்துப் பாடினார். ஒட்டுத் தெரியவில்லை. “பாப்பா, நீ பாடினது ஆபேரி. நம்ம காருகுறிச்சியார் ராகம்” என்றார். அவர் கேட்கக் கேட்க நீ பாட, அவர் பாட, நடை திறந்தது கூடத் தெரியாமல் 4 மணி தாண்டிவிட்டது. அன்றைக்குத் தரிசனம் செய்த பெருமாள் முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

டிக்கெட் போட்டதும் தேதி சொல், கார்க்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி மட்டும் வேண்டாம், கூட்டம். தம்பியின் சின்னக் கீபோர்டை எடுத்து வா. புளியோதரை நான் கட்டுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு மட்டும், நடை சாத்தின பிறகு போய்ச் சேர்கிற மாதிரி நேரம் போட்டிருக்கிறேன்.

அம்மா